சைக்கிளைக் கொடுத்துடச் சொன்ன மகனுக்கு

அன்னவாசல்,
வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு முந்தி.

அன்பு மகன் முகமது ரபீக்குக்கு ஒன் அம்மா சாரா உம்மாள் சலாம் சொல்லி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கிட்டு நானும் ஒங்க அத்தாவும் மருமக ஆஃபியாவும் அல்லாஹ் கிருபையில நல்லா இருக்கோம். அங்கிட்டு மஸ்கட்டுல ஒன் சொகம் எப்படின்னு எல்லாக் கடுதாசியிலயும் கேக்குற மாதிரி கேட்டு வச்சிருக்காங்கன்னு தாண்டிப் போயிராத, இந்தத் தடவை நெசமாவே கேக்குறேன், ஒடம்பு எப்படி இருக்கு ராசா, ராத்திரி தூக்கம் வருதா, ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்குதுன்னியே, கட்டிலை மாத்திப் போட்டியா. கையில போன் இருக்கப்போ அம்மா எதுக்குப் பேனாவ எடுத்தாங்கன்னு நெனப்ப. போன்ல பேசுறப்போ ஒனக்குப் பின்னால ரூம்காரங்க சத்தம் கேக்குது, இங்க எனக்குப் பக்கத்துல ஒங்க அத்தா நிக்கிறாங்க, நான் பாதி சொல்லயிலேயே போதும்மான்னு வச்சுருவ. அதுலயும் அந்தச் சைக்கிள் விசயமா சத்தம் போட்டதுக்கப்புறம் நீ ஆஃபியாவுக்கு மட்டும்தான் போன் போடுற, அம்மாகிட்டக் குடுன்னு கேக்குறதே இல்ல. எனக்குக் கோவம் இல்ல தம்பி. கடுதாசின்னா குறுக்க யாரும் பேச முடியாது, நீயும் கடைசி வரைக்கும் வாசிச்சுத்தான் ஆகணும், அதான் எழுத உக்காந்துட்டேன். ஆஃபியாவோட தாய்மாமா லீவு முடிஞ்சு திங்கக்கிழமை திருச்சியில ஃபிளைட் ஏறுறாரு, அவரு கையில குடுத்து விடுறேன். கூட மல்லிப்பொடியும் வறுத்த நெலக்கடலையும் இருக்கு, கடலையில உப்புப் போடல. ஊறுகாய் இந்தத் தடவை வைக்கல, தேடாத, ஏன்னு பின்னால எழுதுறேன்.

இங்கிட்டு மழை இந்த வருசம் நல்லாப் பேஞ்சு கண்மாய் நெறஞ்சு கெடக்கு. பின்கட்டு ஓடு ரெண்டு எடத்துல ஒழுகுச்சு, ஆள விட்டு மாத்தியாச்சு. ஒன் தங்கச்சி மிஸ்பா திருச்சியில ஹாஸ்டல்ல இருந்து பி.எட். படிப்பை நல்லாத்தான் படிக்கிறா, டீச்சிங் பிராக்டீஸுக்குப் போன பள்ளிக்கூடத்துல ஆறாவது படிக்கிற பிள்ளைங்க அவளைப் படுத்துற பாட்டை வாரம் தவறாம போன்ல சொல்லி அழுவா, அப்புறம் அந்தப் பிள்ளைங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பா. ஒங்க அத்தா செருப்புக் கடையில பள்ளிக்கூட ஷூ யாவாரம் முடிஞ்சு இப்போ மந்தம்தான், எல்லாரும் போன்லயே வாங்கிக்கிறாங்கன்னு சொல்லிக்கிட்டே அவங்களும் போன்ல ஒரு டார்ச் லைட்டு வாங்கியிருக்காங்க. ஆஃபியா தையல் மெஷின்ல நல்லாக் கை பழகிருச்சு, தெருவுல பாதிப் பேருக்கு அதுதான் தைக்குது. நல்ல புள்ள. நீ லீவு தள்ளிப் போச்சுன்னு சொன்ன அன்னிக்கு அது சாப்பிடல, மறுநாள் எனக்கு முந்தி எந்திரிச்சு ஆணம் காய்ச்சி வச்சிருந்துச்சு.

இனி விசயத்துக்கு வாரேன். நீ போன தடவை வந்தப்போ நான் பிளாஸ்டிக் நாக்காலியில உக்காந்து தொழுததைப் பாத்த. நீ பாத்தது எனக்குத் தெரியும். முட்டி ரெண்டும் மடங்காமப் போயி வருசத்துக்கு மேல ஆச்சு, ஒடம்பும் ஊதிப் போச்சு, சக்கரையும் கூடிக்கிட்டே போச்சு. தரையில உக்காந்தா எந்திரிக்க ஒரு ஆளு வேணும். ஊருல எத்தனையோ பேரு நாக்காலியில தொழுறாங்க, அதுல குத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா எனக்கு அது ஆறவே இல்ல தம்பி. நெத்தியத் தரையில வைக்கிற நேரத்துக்கு நான் காத்துல குனிஞ்சு நிமிருவேன், ஏதோ வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்த மாதிரி இருக்கும். யாருகிட்டயும் சொல்லல. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா அசர் பாங்கு வரைக்கும் கெடப்பேன், எந்திரிச்சு என்ன ஆகப்போகுதுன்னு தோணும். நீயும் மிஸ்பாவும் வெளியூரு போனதுக்கப்புறம் வீடு பெருசாப் போயி நான் மட்டும் அதுல ஒரு மூலையில கெடக்குற மாதிரி. புதுக்கோட்டையில நான் காட்டுற டாக்டரம்மா பிரகதீஸ்வரி ஒவ்வொரு தடவையும் நடங்க நடங்கம்பாங்க, நடந்தா முட்டி வலிக்குதும்மான்னு நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். கடைசியாப் போனப்போ மருந்துச் சீட்டு எழுதிக்கிட்டே நிமிராம, சைக்கிள் ஓட்டத் தெரியுமா, தெரிஞ்சா ஓட்டுங்க, ஒடம்பு பாரம் முட்டியில எறங்காதுன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல. தெரியுமா தெரியாதான்னு மறுபடி கேட்டாங்க. தெரியும்னேன்.

தெரியும்தானே. ஒனக்குத்தான் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி, அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த சமயத்துல, நம்ம ஜில்லாவுல பொம்பளைங்க கூட்டங்கூட்டமா சைக்கிள் பழகுனாங்க, அதுல நானும் பழகுனேன். சாயங்காலம் பக்கத்து ஊரு பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க நான் சைக்கிள்லதான் போயிட்டு வருவேன். அப்புறம் கல்யாணம், நீ, மிஸ்பா. யாரும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லல, ஓட்டுறதுக்கு ஒரு வேலை வரல, அம்புட்டுதான். மிஸ்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல கவர்மெண்டு குடுத்த சைக்கிள் பின்கட்டுல சாத்தி வச்சது வச்சபடி கெடந்துச்சுல்ல, அது மேல கோழி ஏறி உக்காந்து சீட்டெல்லாம் நாசம். அதைக் கழுவி, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். டயரும் டியூபும் மாத்தி, செயினுக்கு எண்ண விட்டாரு. பாப்பா லீவுல வருதான்னு கேட்டாரு. எனக்குத்தான்னு சொன்னேன். சரிம்மான்னு சொல்லி சீட்டை ஒரு பிடி எறக்கி வச்சுக் குடுத்தாரு.

சுபுஹு தொழுதுட்டு, வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கப்போ ஆஃபியாவக் கூட்டிக்கிட்டு ஈத்கா திடலுக்குப் போனேன். மொத நாளு ஏறி உக்காரவே முடியல. காலு தரையவிட்டு வர மாட்டேங்குது, ஹேண்டில்பார் அது பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்குது. ஆஃபியா கேரியரப் பிடிச்சுக்கிட்டு, மாமி நேராப் பாருங்க கீழ பாக்காதீங்கங்குது, அதுக்கே சைக்கிள் தெரியாது. ரெண்டு எட்டு உருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். ஆனா மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன். ஒரு நாளு காலையில, எப்படின்னு சொல்லத் தெரியல, பெடல் முழுசாச் சுத்திருச்சு, மறுபடி சுத்துச்சு, ஆஃபியா எங்கிட்டோ பின்னால நின்னுருச்சு, நான் திடலோட அந்தக் கோடிச் சுவரு வரைக்கும் போயிட்டேன். காதுல காத்துச் சத்தம் கேட்டுச்சு ரபீக்கு. வண்டியில ஒங்க அத்தாவுக்குப் பின்னால உக்காந்து போறப்போ வர்ற காத்து வேற, அது அவங்க முதுகுல பட்டு மிச்சம் வர்ற காத்து. இது எனக்குன்னு நேரா வந்த காத்து. சுவருகிட்டப் போயி எப்படி நிப்பாட்டுறதுன்னு மறந்து, செருப்பத் தேச்சு நின்னேன். நின்னுக்கிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனேன், ஆஃபியா ஓடி வந்து அழுறீங்களான்னு கேட்டுச்சு. தூசின்னு சொன்னேன்.

அதுக்கப்புறம்தான் நீ பாத்தது நடந்துச்சு. திடல்லயே சுத்திக்கிட்டு இருந்தவளுக்குத் தைரியம் வந்து, ஒரு நாளு கடைத்தெருவுக்குக் கறிவேப்பிலையும் தக்காளியும் வாங்கச் சைக்கிள்லயே போயிட்டேன். வர்றப்போ பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கிற நேரம், பர்தாவோட கீழ்ப்பக்கம் செயின்ல சிக்கிருச்சு. பெடல் நின்னு போச்சு, நான் எறங்கவும் முடியல, போகவும் முடியல, அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு விழுந்துட்டேன். தக்காளி எல்லாம் ரோட்டுல ஓடுச்சு. முட்டியிலயும் உள்ளங்கையிலயும் தோலு உரிஞ்சுச்சு, எலும்புக்கு ஒண்ணும் இல்ல. துணி செயின்ல மாட்டிக்கிட்டதால எந்திரிக்க முடியாமத் திரும்பத் திரும்பப் பாக்குறேன், அதைத்தான் எவனோ போன்ல எடுத்துப் பாட்டுப் போட்டு விட்டிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியும், பேரு எழுத மாட்டேன், நீயும் ஆஃபியாகிட்டக் கேக்காத. அந்த வீடியோவுல இல்லாததும் ஒண்ணு இருக்கு. சத்துணவுக் கூடத்துல வேலை பாக்குற அமிர்தவல்லிய ஒனக்குத் தெரியும்ல, கண்மாய்த் தெருவுக்காரங்க, அது அந்நேரம் வேலைக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. ஓடி வந்து ரோட்டுலயே உக்காந்து, பெடலப் பின்னால சுத்திச் சுத்தித் துணி கிழியாம எடுத்துவிட்டுச்சு. தக்காளியப் பொறுக்கிப் பையில போட்டுச்சு. சைக்கிளத் தள்ளிக்கிட்டு வீடு வரைக்கும் என்கூட நடந்து வந்துச்சு. அதுக்கு அன்னிக்கு வேலைக்கு லேட்டு.

மத்தியானம் ஒங்க அத்தா சாப்பிட வந்தப்போ மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சு போச்சு. செருப்பு வாங்க வந்த ஆளு ஒருத்தரு அவங்ககிட்டயே போனை நீட்டிக் காட்டியிருக்காரு. சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாங்க, சாப்பிடல. எந்திரிக்கிறப்போ, இனிமே அதை எடுக்காதேன்னு சொன்னாங்க. அடி பட்டுச்சான்னு கேக்கலையேன்னு எனக்கு ஆத்திரம் வந்துச்சு, அப்புறம் பாத்தா அவங்க சட்டைப் பையில களிம்பு டியூபு இருந்துச்சு, அதை டேபிள் மேல வச்சுட்டுத்தான் போனாங்க. அன்னிக்குச் சாயங்காலம்தான் ஒன் போனு வந்துச்சு. இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், ஊரே பாத்துச் சிரிக்குது, யாருக்காவது குடுத்துத் தொலைங்கன்னு சொன்ன. சரின்னு சொல்லிட்டேன், சொன்னேன்ல. சைக்கிளக் கொண்டுபோயிப் பழைய எடத்துலயே சாத்துனேன். வீடியோவ நானும் ஒரு தடவை பாத்தேன், பாத்ததும் அத்தனை பேரு சிரிக்கிறது நியாயம்தான்னு தோணுச்சு, அதுதான் வலிச்சுச்சு. ஒரு வாரம் மறுபடி அதே கட்டில், அதே ஜன்னல். முட்டி முன்னைக்கு மேல இறுகிப் போச்சு.

ஒரு நாளு சுபுஹுக்கு அப்புறம் வாசல்ல பெல் சத்தம் கேட்டுச்சு. பாத்தா அமிர்தவல்லி தன் மகனோட பெரிய சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, சேலைய இடுப்புல இறுக்கிச் செருகி, காலுல கேன்வாஸ் ஷூ. அக்கா, தனியாப் போனாத்தான் சிரிப்பாங்க, நாம ரெண்டு பேராப் போவோம்னுச்சு. எனக்கும் காலு கையெல்லாம் மரத்துப் போகுது, சக்கரைதான், ஒங்களப் பாத்துத்தான் எனக்கும் தோணுச்சு, வாங்கன்னுச்சு. நான் ரோட்டுல விழுந்து கெடந்ததைப் பாத்து ஒரு ஆளுக்குச் சைக்கிள் ஓட்டணும்னு தோணியிருக்கு, நெனச்சுப் பாரு. உள்ள போயி ஒங்க அத்தாகிட்டச் சொன்னேன். நான் போறேங்க, ஒங்களுக்கு வேண்டாம்னா போகல, ஆனா ஏன் வேண்டாம்னு எனக்குச் சொல்லணும்னேன். இத்தனை வருசத்துல நான் அவங்ககிட்ட அப்படிக் கேட்டதில்ல. அவங்க தாடியத் தடவுனாங்க. அப்புறம், துணி மறுபடி மாட்டுனா என்ன பண்ணுவன்னு கேட்டாங்க. அதுக்கு ஆஃபியா உள்ள இருந்து, நான் தைச்சுத் தர்றேன் மாமான்னுச்சு. அன்னிக்கே பர்தாவுக்குக் கீழ்ப்பக்கம் அகலமாப் பைஜாமா மாதிரி ரெண்டாப் பிரிச்சு, கணுக்காலுல பொத்தான் வச்சுத் தைச்சுக் குடுத்துருச்சு, நடந்தா வித்தியாசமே தெரியாது. சைக்கிள் கடையில சொல்லிச் செயினுக்குக் கவரும் போட்டாச்சு. இப்போ தெருவுல வேற ரெண்டு பேரு அதே மாதிரி தைச்சுக் கேட்டிருக்காங்க.

இப்போ தெனமும் போறோம் தம்பி. மழை பேஞ்சா மட்டும் இல்ல. புதுக்கோட்டை ரோட்டுல சித்தன்னவாசல் விலக்கு வரைக்கும் போயி, அந்த ஆர்ச்சுகிட்ட எறங்கித் தண்ணி குடிச்சுட்டுத் திரும்புவோம். இப்போ பனிக்காலம், தைலமரக் காட்டுப் பக்கம் போறப்போ அந்த வாசனையும் குளிரும் சேந்து மூக்குல ஏறும், மயிலுங்க ரோட்டுல நின்னுக்கிட்டு வழி விடாது. பொங்கல் வருதுல்ல, ஜல்லிக்கட்டு மாடுகளக் காலையில நடக்க ஓட்டிக்கிட்டு வருவாங்க, அதைப் பாத்தா நாங்க ரெண்டு பேரும் சைக்கிள விட்டு எறங்கி வரப்போரமா நின்னுருவோம். ஒரு நாளு மாட்டுக்காரரு, பயப்படாதீங்கம்மா, இது பொம்பளைங்கள ஒண்ணும் செய்யாதுன்னாரு. அமிர்தவல்லி, அது ஒங்களுக்குத் தெரியும், மாட்டுக்குத் தெரியுமான்னு கேட்டுச்சு. அந்த மனுசன் சிரிச்ச சிரிப்புல மாடே மெரண்டு போச்சு. இப்படிச் சிரிச்சு எனக்கு எத்தனை காலம் ஆச்சு. திரும்பி வர்றப்போ ஒரு எறக்கம் இருக்கு, ஒனக்குத் தெரியும், நீயே அங்க ரெண்டு கையையும் விட்டுட்டுப் போவேன்னு மிஸ்பா எப்பவோ போட்டுக் குடுத்திருக்கா. அந்த எறக்கத்துல நான் பெடல் போட மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன். சைக்கிள் அதுவாப் போகும். கையையெல்லாம் விட மாட்டேன், பயப்படாத. ஆனா அந்த நேரத்துல எனக்கு வயசு, சக்கரை, கடன், கவலை எதுவும் ஞாபகத்துக்கு வராது, ஒங்க ரெண்டு பேரத் தவிர. ஏத்தத்துல மூச்சு முட்டும், எறங்கித் தள்ளுவேன், வெக்கமே கெடையாது. மொதல்ல பாதி ஏத்தத்துலயே எறங்குவேன், இப்போ உச்சி வரைக்கும் போயி எறங்குறேன்.

எடை குறைஞ்சிருக்கு, மோதிரம் லூசாப் போச்சு. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒரு மாத்திரையப் பாதியாக் குறைச்சாங்க, அப்போ நிமிந்து பாத்துச் சிரிச்சாங்க. அதைவிடப் பெருசா ஒண்ணு சொல்லணும், இதை நான் போன்ல சொல்லியிருக்க முடியாது. போன வாரம் ஒரு நாளு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு ஒளு செஞ்சுட்டு வந்தேன், நாக்காலி அங்கதான் கெடந்துச்சு. என்னமோ தோணி முசல்லாவத் தரையில விரிச்சேன். மெதுவாக் கையூனி எறங்குனேன், முட்டி மடங்குச்சு. வலிச்சுச்சுதான், ஆனா மடங்குச்சு. நெத்தி தரையில பட்டப்போ முசல்லாவோட பழைய வாசனை மூக்குல வந்துச்சு. சஜ்தாவுல இருந்து எந்திரிக்க மனசே வரல, சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சும் அப்படியே கெடந்தேன். சலாம் குடுத்துத் திரும்பிப் பாத்தா வாசப்படியில ஒங்க அத்தா, ஒளு செஞ்ச தண்ணி தாடியில சொட்டச் சொட்ட நிக்கிறாங்க. எப்போ வந்தாங்கன்னு தெரியாது. உள்ள வந்து அந்த நாக்காலியத் தூக்கித் தோளுல வச்சுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாங்க. இப்போ அதுல செருப்பு போட்டுப் பாக்க வர்றவங்க உக்காருறாங்க.

இனி ஒன் விசயம். ஆஃபியாவத் திட்ட மாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு மேல வாசி. நீ அந்த வீடியோவ எப்படிப் பாத்தேன்னு அது எங்கிட்டச் சொல்லிருச்சு. சாப்பிடுற எடத்துல எந்த ஊருக்காரனோ ஒருத்தன் ஒங்க ஜில்லாப் பக்கம் ஒரு சர்க்கஸ் பாருன்னு காட்டியிருக்கான், எல்லாரும் சிரிச்சிருக்காங்க, நீயும் சிரிச்சிருக்க, அப்புறம்தான் ரோட்டுல கெடந்த பையப் பாத்திருக்க, நீ வாங்கி அனுப்புன நீலப் பை. அது எங்க அம்மான்னு நீ யாருகிட்டயும் சொல்லல. எந்திரிச்சுப் போயிக் கைகழுவுற எடத்துல நின்னிருக்க. ஆஃபியாகிட்ட இதைச் சொல்றப்போ நீ அழுதேன்னும் அது சொல்லுச்சு. ராசா, அதைக் கேட்டப்போதான் எனக்கு விளங்குச்சு, நீ எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டது சைக்கிளுக்காக இல்லன்னு. அம்மாகிட்டப் பேசாம இருக்கறதும் கோவத்துல இல்லன்னு. நீ சிரிச்சதுல ஒரு தப்பும் இல்ல. தெரியாதவங்க விழுந்தா எல்லாரும்தான் சிரிப்பாங்க, நானே சிரிச்சிருக்கேன். நீ பையப் பாத்ததும் சிரிப்ப நிறுத்துனியே, அதுதான் நான் பெத்த புள்ள. இதை மனசுல வச்சுக்கிட்டு அலையாத, இந்த வரியோட அதை எறக்கி வச்சுரு.

இன்னொண்ணும் அது சொல்லுச்சு, அதுக்கும் திட்டக் கூடாது. நீங்க இருக்கற பில்டிங்குல லிப்ட் வேலை செய்யாத அன்னிக்கு மாடி ஏறப்போயிப் பாதியில நெஞ்ச அடைச்சு உக்காந்துட்டியாமே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிப் பிரஷர்னு மாத்திரை குடுத்திருக்காங்களாமே. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னியாம். ஊறுகாய் ஏன் வரலைன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். அந்தப் புள்ள இதை மனசுல வச்சுக்கிட்டு எத்தனை நாளு தையல் மெஷின்ல தல குனிஞ்சு உக்காந்திருந்துச்சோ, கடைசியில என்கிட்ட வந்து மடியில படுத்து அழுதுருச்சு. ஒனக்கு வயசு என்ன ஆச்சு தம்பி. காலையில காருல உக்காந்து ஆபீஸ், நாளு முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாடி, மறுபடி காருல ரூமு, குப்பூஸ் ரொட்டியும் கோழியும் தின்னுட்டுப் போனப் பாத்துக்கிட்டே தூங்குறது. ஒன்னையச் சொல்லி என்ன, பொழப்பு அப்படி இருக்கு, எங்களுக்காகத்தான் அங்க இருக்க, அது எனக்குத் தெரியாமலா இருக்கு. நான் கட்டிலும் ஜன்னலுமாக் கெடந்தப்போ எப்படி இருந்துச்சோ அதே மாதிரிதான் ஒனக்கும் இருக்கும்னு இப்போ நெனக்கிறேன். அதான் கேக்குறேன், ஒரு நாளு வீடியோ கால்ல நீ ஒரு கடற்கரை ரோட்டக் காட்டுனியே, சாயங்காலம் ஆளுங்க நடக்குறாங்க, சைக்கிள் ஓட்டுறாங்கன்னு, அங்கிட்டுப் போயேன். டாக்டரக் கேட்டுக்கிட்டு, மெதுவா. மொதல்ல நட. அப்புறம் யாருகிட்டயாவது ஒரு சைக்கிள இரவல் வாங்கி ஒரு சுத்துச் சுத்து. ஏறுனதும் எனக்கு ஆன மாதிரி ஹேண்டில்பார் இழுக்கும், காலு தரையவிட்டு வராது, அந்த நாளுலயே விட்டுராத, மறுநாளும் போ. வயிறு பெருத்தவன் சைக்கிள் ஓட்டுறான்னு யாராவது சிரிப்பாங்களோன்னு யோசிக்காத. நம்ம வீட்டைப் பாத்து மஸ்கட்டு வரைக்கும் சிரிச்சு முடிச்சாச்சு, இனிமே சிரிக்க மிச்சம் ஒண்ணும் இல்ல.

சைக்கிள நான் குடுக்கப் போறதில்ல. இதை ஒன் பேச்சை மீறுறதா எடுத்துக்காத. ஒன்கிட்டச் சரின்னு சொன்னது அந்த நேரத்துக்கு, இப்போ யோசிச்சுச் சொல்றேன், மாட்டேன். ஒனக்கு மனசு சங்கடமா இருந்தா எங்கிட்டயே சொல்லு, எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லு, நான் கேக்குறேன், ஆனா பேசாம இருக்காத. நீ பேசாம இருந்த நாளு எல்லாம் சாயங்காலம் போன் அடிக்கிறப்போ நான் அடுப்படியில வேலையே இல்லாட்டியும் நின்னுக்கிட்டு இருந்தேன், ஆஃபியா பேசுற பேச்சுல ஒன் கொரல் கொஞ்சமாவது கேக்குமான்னு.

மாத்திரைய நேரத்துக்குப் போடு, வெறும் வயித்துல டீ குடிக்காத, தொழுகைய விடாத, ராத்திரி போன எட்ட வச்சுட்டுத் தூங்கு. ஆஃபியாவோட மாமாகிட்ட இந்தக் கவர வாங்குனதும் பிரஷர் என்ன இருக்குன்னு பாத்து எங்கிட்ட நேராச் சொல்லணும், மறந்துராத. அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஹயாத்தையும் ஆரோக்கியத்தையும் தந்து, ஒன் நெஞ்சுல இருக்கற பாரத்தையெல்லாம் லேசாக்கி வைக்கட்டும், ஒன்னையும் ஆஃபியாவையும் சீக்கிரமா ஒரு கூரைக்குக் கீழ சேத்து வைக்கட்டும், ஆமீன்.

துஆவுடன்,
ஒன் அம்மா
சாரா உம்மாள்

ரபீக்குக்கு, அத்தா உமர் பாரூக் எழுதுவது. ஒங்க அம்மா கவர ஒட்டக் குடுத்துச்சு, வாசிச்சுட்டேன். நான் கடுதாசி எழுதுற ஆளு இல்ல, ஒனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒங்க அம்மா பாட்டுப் பாடி நான் கேட்டதில்ல. இப்போ காலையில சைக்கிளத் தள்ளிக்கிட்டுத் தெருவுக்குள்ள வர்றப்போ என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வருது, வாசல்ல என்னப் பாத்ததும் நிறுத்திக்கிது. அதனால இப்பெல்லாம் நான் கதவுக்குப் பின்னால நின்னுக்குறேன்.